பிரெஸ்ட்விக்கில் இறங்கும் இராணுவ விமானங்களை அடையாளம் காண்பது எப்படி?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள பிரெஸ்ட்விக், பயணிகள் போக்குவரத்தைப் பொறுத்தவரை சிறிய விமான நிலையம்தான். ஆயினும் ஏறத்தாழ 3,000 மீட்டர் நீள ஓடுபாதை இருப்பதாலும், அட்லாண்டிக்கைக் கடக்கும் வழியில் எரிபொருள் நிரப்ப வாகான இடத்தில் அமைந்திருப்பதாலும், அமெரிக்க, கனடிய விமானப் படைகளின் விமானங்கள் இங்கே வந்து போவது நெடுங்கால வழக்கம். ஜெர்மனியில் இராணுவப் பணியை முடித்துக்கொண்டு திரும்பிய எல்விஸ் பிரெஸ்லி, 1960 மார்ச்சில் இங்கே தரையிறங்கியதும் எரிபொருளுக்காக நின்ற ஓர் இராணுவ விமானத்தில்தான்.

முதல் வேலையை வீட்டிலேயே செய்துவிடலாம். விமானங்களின் நகர்வைக் காட்டும் தளங்களுள் ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச், இராணுவ விமானங்களை மறைப்பதில்லை. அதில் ‘யு’ பொத்தானை அழுத்தினால் அவை மட்டும் திரையில் நிற்கும். அழைப்புப் பெயர் (வானொலியில் அந்த விமானத்தைக் குறிக்கும் பெயர்) ‘ஆர்சிஎச்’ என்று தொடங்கினால் அமெரிக்கப் போக்குவரத்து விமானம், ‘ஆர்ஆர்ஆர்’ பிரிட்டனுடையது, ‘சிஎஃப்சி’ கனடாவுடையது. புறப்பட்ட ஊரும் சேருமிடமும் பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்காது. ஆகவே, அயர்லாந்துக்கு வடக்கே உயரத்தைக் குறைத்துக்கொண்டே கிழக்கு நோக்கி வரும் புள்ளியைக் கண்டால் கிளம்பிவிடுங்கள். முனையத்தை ஒட்டியே ரயில் நிலையம் இருப்பதால் கார் தேவையில்லை.

கிளம்புமுன் காற்றின் திசையைப் பாருங்கள். விமானங்கள் காற்றை எதிர்கொண்டே இறங்கும். பிரதான ஓடுபாதையின் எண்கள் 12, 30. அதாவது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக ஏறத்தாழ 120 பாகை, 300 பாகைத் திசைகள். மேற்குக் காற்று வீசும் நாளில் விமானம் நிலப்பக்கமாகத் தென்கிழக்கிலிருந்து வரும்; கிழக்குக் காற்றென்றால் கடல் மேலாக வரும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்குமாறு, வேலிக்கு வெளியே பொது இடத்தில் நின்றுகொள்ளுங்கள்.

இனி, வடிவத்தை அறிவதுதான் முக்கியம். தொடக்கத்தில் நானும் எஞ்சின்களை எண்ணிப் பார்த்துவிட்டு, ஏ400எம் என்ற சரக்கு விமானத்தை, ஹெர்குலிஸ் என்ற வேறொரு சரக்கு விமானமாகக் குறித்துவைத்தேன்; இரண்டுக்கும் மேலே பொருத்திய இறக்கை, நான்கு புரொப்பெல்லர்கள். வாலைப் பார்த்திருந்தால் அந்தப் பிழை நேர்ந்திருக்காது. ஹெர்குலிஸின் கிடைவால் (வாலில் கிடையாக நீளும் சிறிய இறக்கை) உடலோடு ஒட்டியிருக்கும். ஏ400எம்-இன் கிடைவால் செங்குத்து வாலின் உச்சியில் ‘டி’ எழுத்தைப் போல் படுத்திருக்கும். அதன் புரொப்பெல்லர் ஒவ்வொன்றிலும் அரிவாளாய் வளைந்த எட்டுத் தகடுகள் உண்டு. அதே ‘டி’ வாலோடு நான்கு ஜெட் எஞ்சின்களும், மேல்நோக்கி மடிந்த இறக்கை நுனிகளும் தெரிந்தால் அது சி-17 சரக்கு விமானம். இறக்கை உடலின் அடிப்பக்கத்தில் இருந்து, நான்கு ஜெட் எஞ்சின்களோடு வாலுக்குக் கீழே நீண்ட குழாய் ஒன்று தென்பட்டால், வானிலேயே பிற விமானங்களுக்கு எரிபொருள் ஊட்டும் கேசி-135.

அடுத்தது எண். அமெரிக்க விமானத்தின் வாலில், பைனாகுலரில் 77178 என்று தெரிந்தால், முதல் இலக்கம் நிதியாண்டின் கடைசி இலக்கம்: 2007-ஆம் ஆண்டுக் கணக்கில் வாங்கப்பட்ட 7178 எண் சி-17. வாலின் மேற்பகுதியில் உள்ள பட்டையில் படைத்தளத்தின் பெயரும் இருக்கலாம். தேதி, நேரம், எண், காற்றுத் திசை ஆகியவற்றை அங்கேயே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் இலக்கங்கள் மாறிவிடும்.

சட்டத்திலும் கவனம் தேவை. பிரிட்டனில் பொது இடத்திலிருந்து படமெடுப்பதற்குத் தடையில்லை. ஆனால் விமானக் கட்டுப்பாட்டு வானொலி உரையாடலை அனுமதியின்றிக் கேட்பது குற்றம். இங்கே பழகிய துணிவில், ஊருக்கு வரும்போது இந்திய விமானப் படைத் தளங்களின் அருகே கேமராவைத் தூக்கிவிடாதீர்கள். அங்கே விதிகள் மிகக் கடுமையானவை.

தரையிறங்குவதைத் தவறவிட்டாலும் உடனே திரும்ப வேண்டாம். எரிபொருளுக்காக வந்த விமானம் சில மணி நேரத்தில் மீண்டும் புறப்படும். முழு எடையோடு ஓடுபாதையில் நெடுந்தூரம் ஓடி மெல்ல எழும்பும் அந்தக் காட்சியில்தான், வாலையும் எண்ணையும் நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கும்.