புதுவகை ஆக்சுவேட்டர்கள்: தேர்வு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொருளை நகர்த்தும் ஆக்சுவேட்டராக, மோட்டாருக்குப் பதிலாகப் பீசோ அடுக்கு (மின்னழுத்தம் கொடுத்தால் சற்றே நீளும் செராமிக்), நிட்டினால் கம்பி (சூடானால் சுருங்கும் உலோகக் கலவை), மின்னழுத்தத்தில் விரியும் எலாஸ்டோமர் (ரப்பர் போன்ற படலம்) என்று போகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். டேட்டாஷீட்டில் உள்ள உச்ச எண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று நம்பிவிடுகிறார்கள்.

ஒரு பீசோ அடுக்குக்கு 1000 நியூட்டன் விசை, 10 மைக்ரோமீட்டர் நகர்வு என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். அந்த விசை, அடுக்கை அசையவே விடாமல் பிடித்திருக்கும்போது வருவது. அந்த நகர்வு, எதிரே எதுவும் தடுக்காதபோது வருவது. அதே விறைப்புள்ள ஸ்பிரிங்கைத் தள்ளச் சொன்னால் 500 நியூட்டனும் 5 மைக்ரோமீட்டரும்தான் கிடைக்கும். சரி, நெம்புகோல் வைத்து நகர்வை 10 மடங்காக்கலாம் என்றால், விசை பத்தில் ஒரு பங்காகும். விறைப்போ நூறில் ஒரு பங்காகிவிடும். இந்த இரண்டாவதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அப்புறம் விறைப்புக் குறைந்த அமைப்பு ஏன் ஆடுகிறது என்று கண்ட்ரோலரைக் குடைந்து பயனில்லை.

பீசோவுக்கு மின்சாரம் தரும் டிரைவரை வோல்டேஜ் மட்டும் பார்த்து வாங்குவதும் தவறு. மின்சுற்றைப் பொறுத்தவரை பீசோ ஒரு மின்தேக்கி. 10 மைக்ரோஃபாரட் அடுக்கை 0 முதல் 120 வோல்ட் வரை 100 ஹெர்ட்ஸ் சைன் அலையில் ஓட்ட உச்ச மின்னோட்டம் சுமார் 0.38 ஆம்பியர், 1000 ஹெர்ட்ஸில் 3.8. இன்னொன்று, பீசோ செராமிக் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவிசையைத் தாங்காது. வேகமாக ஓட்டுவதென்றால் அடுக்கை முன்கூட்டியே அழுத்திப் பிடித்து வைப்பது கட்டாயம்.

நிட்டினாலில் சிக்கல் வேறு. மின்சாரம் பாய்ச்சிக் கம்பியைச் சட்டென்று சுருக்கிவிடலாம். ஆனால் அது குளிர்ந்தால்தான் அடுத்த சுற்று. வேகத்தை முடிவு செய்வது குளிர்தல்தான். அதிக விசை வேண்டுமென்று தடித்த கம்பி போட்டால் வேகம் படுத்துவிடும். மெல்லிய கம்பிகளைப் பக்கம்பக்கமாகப் போடுவதே நல்லது. கம்பி இழுக்கத்தான் செய்யும், தள்ளாது. திரும்ப நீட்ட ஒரு ஸ்பிரிங்கோ எடையோ வேண்டும். முனைகளைச் சாலிடர் செய்யாமல் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கிப் பிடியுங்கள். நீளத்தில் 8 சதவீதம் வரை நீட்டினாலும் மீளும் என்பதை நம்பி வடிவமைக்கவும் வேண்டாம். பல்லாயிரம் சுற்று ஓட வேண்டிய கம்பிக்கு 4 சதவீதத்துக்குள் நிற்பது பாதுகாப்பு.

எலாஸ்டோமர் வகையில் 100 சதவீதத்துக்கு மேல் விரிந்தது என்ற செய்தி 2000-ஆம் ஆண்டு ஆய்விலிருந்தே ஈர்க்கிறது. அது முன்கூட்டியே இழுத்துக் கட்டிய படலத்தில் கிடைத்தது. அந்த இழுப்பைத் தாங்கும் சட்டத்தின் எடையையும், கிலோவோல்ட் மின்சுற்றின் இடத்தையும் கூட்டிய பிறகே மோட்டாரோடு ஒப்பிடுங்கள்.