தெருவைக் கெடுக்காமல் மாடிக்கு விளக்கேற்ற: டர்பன் டவுனுக்கு இருபதாண்டுத் திட்டம் போடும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் டவுன், அதாவது நகர மையம், செத்துவிட்டது என்று எழுதித் திட்டம் தொடங்கினால் முதல் வரியே தப்பு. ரயிலும் பஸ்ஸும் டாக்சியும் சேரும் வார்விக் ஜங்ஷன் வழியாக ஒரு வேலைநாளில் ஏறத்தாழ 4,60,000 பேர் கடப்பதாகக் கணக்கு. நாட்டில் எத்தனையோ மால்கள் அந்தக் கூட்டத்துக்கு ஏங்குகின்றன. பக்கத்துக் கடைத்தெருவான கிரே ஸ்ட்ரீட்டில் நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள்: கீழே வியாபாரம் நடக்கிறது, மேல்மாடி இருட்டாகவோ இடிபாடாகவோ கிடக்கிறது. தெருவின் பிழைப்பைத் தொடாமல் மாடிக்குக் குடித்தனத்தைத் திரும்பக் கொண்டுவருவதுதான் 20 ஆண்டு வேலை.

முதல் ஆறு மாதம் வரைபடம் போடாதீர்கள், நடந்து போகும் ஆட்களை எண்ணுங்கள். ரயில் நிலையத்து நடைபாலம், டாக்சி (பங்கு வேன்) ஸ்டாண்டுகள், எர்லி மார்னிங் மார்க்கெட் வாசல், ஜும்மா பள்ளிவாசல் முனை, விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் என்று 10, 12 இடங்களைத் தேர்ந்தெடுங்கள். இடத்துக்கு இரண்டு பேர், போகிறவர்களை ஒருவர், வருகிறவர்களை ஒருவர், 15 நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்க வேண்டும். சாதாரணச் செவ்வாய், தொழுகை நாளான வெள்ளி, சனி, மாதக் கடைசிச் சம்பள நாள் என நான்கு நாளாவது எண்ணுங்கள். விடியற்காலை 4 மணிக்கே தொடங்க வேண்டும். அலுவலக நேரத்தில் மட்டும் எண்ணினால் காய்கறி வியாபாரமும் மாலை டாக்சி வரிசையும் கணக்கில் விழாது. விழாததற்குத் திட்டத்தில் இடமும் கிடைக்காது.

அடுத்தது கட்டடக் கணக்கு. ஏட்டில் கட்டடத்துக்கு ஒரு பதிவு போதாது, மாடிக்கு ஒரு பதிவு வேண்டும்: யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், கூரை ஒழுகுகிறதா, கழிப்பறை எத்தனை, வரி, தண்ணீர், மின்சாரப் பாக்கி எவ்வளவு. உரிமை யாருடையது என்பதைப் பத்திரப் பதிவகத்தில் பாருங்கள். பாகம் பிரியாத குடும்பச் சொத்து என்றால் வங்கிக் கடன் கிடைப்பது கடினம். அதை முதல் ஐந்தாண்டுப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

மாடி காலியாவதற்குப் பெரும்பாலும் படிக்கட்டே காரணம். கீழ்க்கடைக்காரர் கண்ணாடி முகப்பை நீட்டும்போது தெருப்பக்கத்து மாடி வாசல் கடைக்குள் போய்விடும். பிறகு கடை வழியாகத்தான் ஏற முடியும், கடை சாத்தியபின் யாரும் குடியிருக்க முடியாது. ஆகவே பழுதுபார்க்கும் ஒவ்வொரு கட்டடத்திலும் முதல் செலவு இதற்கே: தெருவிலிருந்து தனி வாசல், தீ விபத்தில் தப்ப இரண்டாவது வழி, வீட்டுக்கு வீடு தனி மின்மீட்டர். வண்ணப்பூச்சு கடைசியில்.

60 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தைத் தொட 1999-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி அனுமதி வேண்டும். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் அதற்குப் பாரம்பரிய அமைப்பான அமாஃபாவிடம் போக வேண்டும். இந்தப் பகுதியில் பல கட்டடங்களுக்கு அந்த வயது உண்டு, மத்ரசா ஆர்கேட் என்ற கடைவளாகமே 1927-இல் எழுந்தது. அனுமதி கைக்கு வருமுன் ஒப்பந்தக்காரரிடம் தேதி சொல்லாதீர்கள்.

முதல் ஆண்டில் மக்கள் கண்ணுக்குத் தெரியும் வேலை நடக்க வேண்டும்: குடிநீர்க் குழாய், கழிப்பறை, தெருவிளக்கு, இரவில் சரக்கு வைக்கப் பூட்டறை, ஒரு நாளில் இருமுறை குப்பை அகற்றுதல். சமையல் கடைகள் இருக்கும் இடத்தில் கொழுப்பு தேங்கும் தொட்டி வைக்காவிட்டால் சாக்கடை அடைத்துக்கொள்ளும். இங்கே மழை கோடையில், கோடையோ ஆண்டுக் கடைசியில், அதனால் வடிகால்களை செப்டம்பருக்குள் வாரிவிடுங்கள். 4 மீட்டர் நடைபாதை என்றால் கடைக்கு 1.2 மீட்டர், நடக்க 2 மீட்டர், நின்று வாங்குபவருக்கு 0.8 மீட்டர். இந்த மூன்றாவதைத்தான் பலரும் மறந்துபோகிறார்கள். அப்புறம் வழி அடைக்கிறது என்று கடைக்காரரைத் துரத்துவார்கள்.

பெரிய கட்டடத்தை முதலில் நட்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஊரே பார்த்திருக்கிறது. 1910-இல் கட்டிய எர்லி மார்னிங் மார்க்கெட் இருக்கும் இடத்தில் மால் கட்ட 2009-இல் திட்டம் வந்தது. உலகக் கோப்பைக்கு முந்திய ஆண்டு அது. வியாபாரிகள் எதிர்த்து நின்றார்கள், 2011-இல் அது கைவிடப்பட்டது. மார்க்கெட்டை இடிப்பது ஒரு கேடு. ரயிலிலிருந்து டாக்சிக்குப் போகும் கால்களை மால் தன் வாசலுக்குத் திருப்பிக்கொள்வது அதைவிடப் பெரிய கேடு. அந்த வழியோரத்தில் பிழைப்பவர் எல்லோருக்கும் அடி விழும். இதே வார்விக்கில், முடிக்காமல் விட்ட நெடுஞ்சாலைப் பாலத்தின்மேல் மூலிகைச் சந்தை அமைத்தார்கள். கூட்டம் போகும் வழியைப் பின்தொடர்ந்து கட்டியதால் அது நிலைத்தது. எந்தத் திட்டம் வந்தாலும் எண்ணிய கால்தடக் கணக்கை அதன்மேல் விரித்துப் பாருங்கள், யார் வாசல் காய்கிறது என்று தெரிந்துவிடும்.

பணத்துக்கு வழி: 2004-ஆம் ஆண்டு சொத்துவரிச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சிறப்பு வரிப்பகுதி அமைக்க இடம் தருகிறது. கூடுதல் வரி கட்டப்போகிறவர்களில் பெரும்பான்மையினர் சம்மதிக்க வேண்டும், கணக்கைத் தனியே வைக்க வேண்டும், ஆலோசனைக் குழு ஒன்றும் அமைக்கலாம். அந்தக் குழுவில் நடைபாதை வியாபாரிகளுக்கும் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் நாற்காலி போடுங்கள். இல்லையென்றால் சேரும் பணம் காவலாளி சம்பளமாகிக் கடைக்காரரை விரட்டவே செலவாகும்.

இருபதாண்டு ஏட்டை மாநகராட்சியின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தோடும் மூன்றாண்டு பட்ஜெட்டோடும் கோத்துவிடுங்கள். பட்ஜெட்டில் தனிப் பதிவு எண் இல்லாத வேலை அடுத்த தேர்தலோடு காணாமல் போகும். கட்டும் செலவுக்குப் பக்கத்திலேயே பராமரிப்புச் செலவையும் அதற்குப் பொறுப்பான ஆள் பெயரையும் எழுதி வையுங்கள்.

பாழடைந்த கட்டடத்தில் குடியிருப்பவர்களைக் காலி செய்வது கடைசி நேரத்து வேலை ஆகிவிடக் கூடாது. தனியார் கட்டடத்திலிருந்து வெளியேற்றப்பட்டு வீடற்றுப் போகிறவர்களுக்கும் மாநகராட்சி தற்காலிக இடம் தர வேண்டும் என்று 2011-இல் புளூ மூன்லைட் வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மாற்று இடத்தை முதலிரண்டு ஆண்டுக்குள் கட்டி முடியுங்கள். தள்ளிப்போட்டால் உயிர் போகும்: 2023 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் உசிந்திசோ கட்டடத் தீயில் 76 பேர் மாண்டார்கள். அது மாநகராட்சியின் சொந்தக் கட்டடம்.

ஒவ்வொரு ஆண்டும் அதே நாட்களில், அதே இடங்களில் மறுபடி எண்ணுங்கள். கூடவே இரவு 8 மணிக்குத் தெருத்தெருவாக நடந்து, விளக்கெரியும் மாடி ஜன்னல்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கூடிக் கால்தடம் குறைந்தால் வாடகை ஏறிப் பழையவர்கள் வெளியேறுகிறார்களா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் அடுத்த கட்டடத்துக்குக் காசு விடாமல் நிறுத்தி, வாடகை உச்சவரம்பை ஒப்பந்தத்தில் எழுதியபின் தொடருங்கள்.