மாயவரத்தில் ஒரு பவளத் தொட்டி: முதல் முறை வைப்பவர்களுக்கு

கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்திலிருந்து கோடியக்கரை வரை நம் கரையோரம் பவளத்திட்டு கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் மண்டபம், ராமேஸ்வரம் பக்கம்தான் போக வேண்டும். ஆறுதான் காரணம். காவிரி கொண்டு வரும் வண்டலும் நன்னீரும் வயலுக்கு உயிர், பவளத்துக்கு ஆகாது. அதற்கு வேண்டியது தெளிந்த, உப்புக் குறையாத, சத்து அநேகமாக இல்லாத தண்ணீர். ஆகவே இந்த ஊரில் உயிருள்ள பவளமும் கடல் மீனும் வளர்க்க வீட்டில் கடல் தொட்டி வைப்பவருக்கு, ஊரின் செழிப்பைத் தொட்டிக்குள் விடாமல் பார்த்துக்கொள்வதிலேயே பாதி வேலை போய்விடும். மூன்று வருடமாக ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒன்றைக் கெடுத்தும் இருக்கிறேன்.

படி 1: தொட்டி

செலவு குறையும் என்று 20 லிட்டர் தொட்டியில் ஆரம்பிக்காதீர்கள். தண்ணீர் கொஞ்சமாக இருந்தால் உப்பும் சூடும் ஒரே மதியத்தில் எகிறிவிடும். என்னுடையது 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப்படி 190 லிட்டர். கல்லும் மணலும் போக 150 லிட்டர் நிற்கும். எடை 200 கிலோவைத் தாண்டும் என்பதால் வீட்டில் கிடக்கும் பழைய மேஜை தாங்காது. ஜன்னல் வெயில் படாத சுவரோரமாக வையுங்கள்.

சாமான்கள்: தண்ணீரை அலைக்கழிக்க இரண்டு வேவ்மேக்கர், ஒரு எல்இடி விளக்கு, ஒரு புரோட்டீன் ஸ்கிம்மர். இந்த ஸ்கிம்மர் பொடிப்பொடியான காற்றுக் குமிழிகளை விட்டு, தண்ணீரில் உள்ள அழுக்கை நுரையாக மேலே தள்ளி ஒரு கோப்பையில் சேர்க்கும். அழுகி உரமாக மாறுவதற்கு முன்பே கழிவு வெளியே வந்துவிடுகிறது. ஹீட்டர் மார்கழியில்கூட எனக்குத் தேவைப்படவில்லை.

படி 2: தண்ணீர்

முதல் தொட்டியைக் கெடுத்தது இங்கேதான். போர் தண்ணீர் குடிக்க நன்றாகத்தானே இருக்கிறது என்று அதிலேயே உப்பைக் கரைத்தேன். ஒரே மாதத்தில் கல் முழுக்கப் பச்சைத் தலைமுடி போலப் பாசி. சுற்றிலும் குறுவை, சம்பா என்று உரம் விழுகிற நிலம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கண்ணுக்குத் தெரியாது, பாசிக்குத் தெரியும்.

ஆர்.ஓ. தண்ணீர் மட்டும்தான் பிடிக்க வேண்டும், அதையும் அப்படியே அல்ல. வீட்டு மெஷினில் ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் வால்வு பெரும்பாலும் இருக்கும். அதை மூடச் சொல்லுங்கள். கடைசியில், மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குழாய் சேர்த்தால், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்டும். எண் ஏற ஆரம்பித்தால் ரெசின் தீர்ந்தது என்று அர்த்தம்.

படி 3: உப்பு

எல்லாரும் கேட்பது: வேதாரண்யத்தில் உப்பு விளைகிறதே, ஒரு மூட்டை வாங்கிக் கரைத்தால் என்ன? கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும், கடல் தண்ணீர் கிடைக்காது. உப்பளத்தில் தண்ணீர் வற்ற வற்றச் சுண்ணாம்புச் சத்து முதலிலேயே படிந்துவிடும். மக்னீசியம் கடைசியாக மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு போய்விடும். நடுவில் வாரி எடுப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. பவளத்துக்கோ லிட்டருக்கு 420 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் அளவுக்கு மக்னீசியமும் வேண்டும்.

அப்படியானால் தரங்கம்பாடியில் போய்க் கேனில் பிடித்து வரலாமா? ஐப்பசி, கார்த்திகையில் கரையோரக் கடல் ஆற்றுத் தண்ணீரால் நீர்த்து, கலங்கிப் போயிருக்கும். மற்ற மாதங்களில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கடல் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவையை வாங்குங்கள். 100 லிட்டருக்கு மூன்றரை முதல் 4 கிலோ வரை பிடிக்கும். நீல டிரம்மில் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி, சின்ன பம்ப் ஓடவிட்டு, ஒரு நாள் கரையட்டும்.

உப்பின் அளவைப் பார்க்க ரிப்ராக்டோமீட்டர் என்ற கருவி வேண்டும். சீர்காழி, நாகப்பட்டினம் பக்கம் வனாமி இறால் பண்ணைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நமக்கு வேண்டிய அளவு ஆயிரத்துக்கு 35, ஒப்படர்த்தியில் சொன்னால் 1.025 முதல் 1.026 வரை.

படி 4: கல் வைத்துக் காத்திருத்தல்

ராமேஸ்வரத்திலிருந்து யாராவது செத்த பவளக் கல் கொண்டு வந்து கொடுத்தால் வாங்காதீர்கள். திட்டு கட்டும் கல்பவளங்கள், கடல் விசிறி எல்லாவற்றையும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். செயற்கையாகச் செய்த துளைக்கல் 15 கிலோ போதும். இடுக்கு இருக்கும்படி அடுக்கி, தண்ணீர் நிரப்பி, பம்புகளை ஓடவிட்டு, உரித்த இறால் ஒன்றை உள்ளே போடுங்கள்.

இறால் அழுகும்போது அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரேட்டாக்கும். வயல் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. யூரியாவோடு வேப்பம் புண்ணாக்கு கலந்து போடச் சொல்வதே இந்த பாக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கத்தான். அப்புறம் நைட்ரேட் காற்றில்லாத சேற்றுக்குள் இறங்கினால் வேறு பாக்டீரியா அதை வாயுவாக்கிப் பறக்கவிடும், போட்ட உரம் வீண். வயலில் நாம் திட்டுகிற அந்த வேலை தொட்டிக் கல்லின் ஆழத்தில் நடந்தால் லாபம். துளைக்கல் கேட்டது இதற்காகத்தான்.

இதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். இரண்டு நாளைக்கு ஒருமுறை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் 0 ஆன பிறகு பாதித் தண்ணீரை மாற்றுங்கள். நடுவில் பழுப்புப் பாசி படர்ந்து எல்லாம் அசிங்கமாகத் தெரியும், அதுவாகப் போய்விடும். வாடைக்கு வீட்டில் திட்டு விழும், அதுவும் போய்விடும்.

படி 5: சூடு

25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் சும்மா விட்டால் 31, 32 ஆகிவிடும். தண்ணீர் மேல் படும்படி இரண்டு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடலோரப் புழுக்கத்தில் ஆவியாவது குறைவு என்பதால் நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு அவ்வளவுகூட இறங்காது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குக் காசு ஒதுக்கிவிட்டு மீன் வாங்குங்கள்.

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, குறைந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரையே தினமும் ஊற்ற வேண்டும். சித்திரையில் எனக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் பிடிக்கிறது.

படி 6: மீன்

முதலில் இரண்டு கிளவுன் மீன், அவ்வளவுதான். தொட்டியிலேயே பொரித்து வளர்த்த குஞ்சாகக் கேளுங்கள். இந்த மீனைப் பொரிக்க வைக்கும் வித்தை நமக்குப் பக்கத்திலேயே, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் நடந்திருக்கிறது. வாங்கியதை நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து உண்டு, ஆனால் பெரிய தொட்டியில் விட்டால் நத்தை, இறால், பவளம் எல்லாம் போகும். அடுத்த மீன் ஒரு மாதம் கழித்து.

படி 7: பவளம்

நான்கு மாதம் ஆகட்டும். கல்லில் இளஞ்சிவப்பாக ஒரு பூச்சு படர ஆரம்பித்தால் நல்ல அறிகுறி. லிட்டருக்கு நைட்ரேட் 10 மில்லிகிராமுக்குக் கீழே, பாஸ்பேட் 0.1 மில்லிகிராமுக்குக் கீழே, காரத்தன்மை (டெஸ்ட் கிட்டில் டி.கே.எச். என்ற அலகில் காட்டும்) 8 பக்கம் நிலையாக நிற்க வேண்டும். நான் வைத்திருப்பது காளான் பவளமும், பொத்தான் போலக் கூட்டமாக வளரும் சொவாந்தஸும். இரண்டும் கல்பவளம் இல்லை. என்றாலும் எங்கிருந்து வந்தது என்று எழுதிய ரசீது இல்லாமல் வாங்கவில்லை. சொவாந்தஸில் கடும் விஷம் உள்ளவை உண்டு: கையுறை போடாமல் தொடாதீர்கள், அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவே கூடாது.

வாராவாரம் 15 லிட்டர் மாற்றுகிறேன். தென்னைக்கு உப்பு வைப்பார்களே, அந்தத் தண்ணீரை அதற்கு ஊற்றேன் என்கிறார் அம்மா. வாராவாரம் ஊற்றினால் கொல்லை மண் என்ன ஆகும்? கழிவறையில்தான் கொட்டுகிறேன்.

புயல் மாதங்களுக்கு

2018 நவம்பரில் கஜா வந்தபோது வேதாரண்யத்தில் அத்தை வீட்டுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி நின்றால் தொட்டியில் முதலில் தீர்வது ஆக்சிஜன். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இரண்டை ஐப்பசிக்கு முன்பே வாங்கி, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரு வேவ்மேக்கரை மட்டும் இன்வெர்ட்டரில் இணையுங்கள்; விளக்கும் ஸ்கிம்மரும் காத்திருக்கலாம். 40 லிட்டர் உப்புத் தண்ணீர் டிரம்மில் தயாராக மூடி இருக்கட்டும். கரண்ட் வரும் வரை தீனி போடாதீர்கள், நல்ல மீன் மூன்று நான்கு நாள் பட்டினி தாங்கும்.