பழவேற்காடு கேம்ப்புக்கு ஒரு புக்கிங் சாஃப்ட்வேர்: முதல் டேபிளிலிருந்து முதல் வாடிக்கையாளர் வரை

தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ உட்கார்ந்து சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் செய்து விற்க நினைக்கிறவர்களுக்கு கேம்ப்சைட் புக்கிங் நல்ல தொடக்கம். வடக்கே வண்டியை எடுத்தால் மீஞ்சூர், பொன்னேரி தாண்டிப் பழவேற்காடு. கொல்கத்தா நெடுஞ்சாலையில் போனால் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் தடா. தோப்பிலும் பண்ணை நிலத்திலும் டென்ட் போட்டு ஆள் தங்கவைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு நோட்டையும் வாட்ஸ்அப்பையும் வைத்தே காலம் தள்ளுகிறார்கள். உங்களுக்குப் போட்டி அந்த நோட்டுதான், வேறு கம்பெனியின் சாஃப்ட்வேர் இல்லை. நோட்டு இலவசம், சார்ஜ் தீராது, சிக்னல் கேட்காது. அதனால் நோட்டால் முடியாததை மட்டும் செய்யுங்கள்.

படி 1: எதை விற்கிறார் என்று எண்ணுங்கள்

கேம்ப் முதலாளியிடம் மூன்று கேள்வி. எத்தனை டென்ட்? ஒரு டென்டில் எத்தனை பேர்? எத்தனை கழிப்பறை? மூன்றாவதைப் புதிதாகச் செய்கிறவர்கள் கேட்பதே இல்லை. 12 டென்ட், ஒன்றுக்கு 4 பேர் என்றால் கணக்குக்கு 48 பேர். ஆனால் கழிப்பறை நான்குதான் என்றால், "நாப்பது பேருக்கு மேல வேணாம்பா" என்பார் முதலாளி. ஆக ஓர் இரவுக்கு இரண்டு உச்சவரம்பு: டென்ட் எண்ணிக்கை ஒன்று, தலை எண்ணிக்கை ஒன்று. இரண்டையும் டேட்டாபேஸில் வையுங்கள்.

நிலம் பட்டாவா, வனத்துறை எல்லைக்குள் வருகிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, அனுமதியில்லாமல் காட்டுக்குள் ஆள் கூட்டிப் போவது விளையாட்டுக் காரியம் இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு சாஃப்ட்வேர் விற்காதீர்கள்.

படி 2: டென்டுக்கு நம்பர் போடாதீர்கள்

இந்த ஒரு விஷயத்தில்தான் பெரும்பாலான முதல் முயற்சிகள் சறுக்குகின்றன, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டே டென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவுக்கு ஒருவர் புக் செய்கிறார். சாஃப்ட்வேர் டென்ட் 1-ஐக் கொடுக்கிறது. சனி இரவுக்கு இன்னொருவர் வருகிறார்; அவருக்கு டென்ட் 2. மூன்றாவதாக ஒருவர் வெள்ளி, சனி இரண்டு இரவும் கேட்கிறார். இரண்டு இரவிலும் ஒரு டென்ட் காலிதான். ஆனால் இரண்டு இரவும் சேர்ந்து காலியாக இருக்கும் டென்ட் ஒன்றுகூட இல்லை. திரையில் "இடமில்லை" என்று வரும். நோட்டு வைத்திருப்பவர் சனிக்கிழமைக்காரரை டென்ட் 1-க்கு மாற்றி எழுதிவிட்டு மூன்றாவது ஆளையும் சேர்த்துக்கொள்வார். அந்த இடத்தில் உங்கள் சாஃப்ட்வேர் தோற்றுவிட்டது.

தீர்வு எளிது. எல்லா டென்டும் ஒரே மாதிரி என்றால், புக்கிங் நேரத்தில் நம்பர் தராமல் எண்ணிக்கையை மட்டும் குறையுங்கள். ஒவ்வொரு இரவிலும் எண்ணிக்கை மீறாதவரை, யாரையும் நடுவில் டென்ட் மாற்றாமல் எல்லோருக்கும் இடம் ஒதுக்க முடியும். வந்து சேரும் தேதி வரிசைப்படி, அன்று காலியாக உள்ள ஏதாவது ஒன்றைக் கொடுத்துக்கொண்டே போனால் போதும்; இது கணிதப்படி நிரூபணமானது. நம்பரை வரும் நாள் காலையில் ஒதுக்குங்கள்.

டேட்டாபேஸ் டேபிள் இப்படி இருக்கட்டும்: ஒரு தேதிக்கு ஒரு வரி. அதில் மீதி டென்ட், மீதி தலை என இரண்டு எண். புக்கிங் வரும்போது, முழுதாக நடக்கும் அல்லது ஒன்றுமே நடக்காத ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள், "மீதி, கேட்டதைவிடக் குறையாமல் இருந்தால் மட்டும் கழி" என்ற நிபந்தனையோடு அப்டேட் செய்யுங்கள். மூன்று இரவு கேட்டு இரண்டு வரிதான் அப்டேட் ஆனது என்றால் மொத்தத்தையும் ரோல்பேக் செய்து பழையபடி ஆக்கிவிடுங்கள். முதலில் படித்துப் பார்த்து, இருக்கிறது என்று தெரிந்த பிறகு தனியாக எழுதப் போனால், அந்த இடைவெளியில் இன்னொருவர் புகுந்துவிடுவார். வரிகளை எப்போதும் தேதி ஏறுவரிசையில் பூட்டுங்கள்; ஆளுக்கொரு வரிசையில் பூட்டினால் டெட்லாக் வரும், அதாவது இரண்டு புக்கிங் ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடும். மீதி பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்று டேட்டாபேஸிலேயே ஒரு செக் (தடை விதி) போட்டுவிடுங்கள்.

மர வீடு, ஏசி காட்டேஜ் போல ஒன்றே ஒன்று இருப்பவை வேறு ரகம். அதற்கு போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் டேட்ரேஞ்ச் (இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை) வகையும், மோதும் பதிவை ஏற்காத எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட்டும் இருக்கின்றன. தேதி மோதினால் டேட்டாபேஸே மறுத்துவிடும். வரும் நாள் கணக்கில் சேரும், போகும் நாள் சேராது. ஞாயிறு காலை ஒருவர் கிளம்ப, அன்றே மதியம் இன்னொருவர் வரலாம்.

படி 3: தேதியைத் தேதியாகவே வையுங்கள்

தங்கும் நாளை நேர முத்திரையாக (தேதியோடு மணியும் சேர்த்து) உலகப் பொது நேரத்தில் சேமித்தால் ஒரு நாள் பின்னால் போய்விடக்கூடும். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5.30 மணி முன்னால் இருக்கிறது. ஜனவரி 15 நள்ளிரவு 12 மணி என்பது அங்கே ஜனவரி 14 மாலை 6.30. பொங்கலுக்கு வந்தவர் பெயர் போகி லிஸ்டில் கிடக்கும். வெறும் தேதி வகை போதும்.

படி 4: பணம்

"புக் செய்" அழுத்தியதும் டென்டைக் கழித்து 10 நிமிடம் பிடித்துவையுங்கள். பணம் வராவிட்டால் திருப்பிச் சேருங்கள். சிக்கல் 11-வது நிமிடத்தில் வரும். யூபிஐயில் பணம் தொங்கி, பிடி விட்ட பிறகு வந்து சேரும். அப்போது மறுபடி கழிக்க முயலுங்கள். இடமில்லை என்றால் உடனே ரீஃபண்ட் தொடங்கி, "பணம் திரும்ப 5 முதல் 7 வேலை நாள் ஆகலாம்" என்று மெசேஜ் அனுப்புங்கள். மெசேஜ் போகாவிட்டால் முதலாளிக்குத்தான் திட்டு விழும்.

ரேசர்பே போல ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் கேட்வேக்கள், பணம் வந்ததைச் சொல்லும் ஒரே வெப்ஹுக்கை (தானாக வரும் தகவலை) இரண்டு முறைகூட அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் வரும் தனி அடையாள எண்ணைச் சேமித்து, ஏற்கெனவே வந்தது என்றால் தள்ளிவிடுங்கள். தொகை பைசாவில் போகும்: 1,500 ரூபாய்க்கு 150000 என்று அனுப்ப வேண்டும்.

பணம் முதலாளியின் கேட்வே கணக்குக்கு நேராகப் போகட்டும். உங்கள் கணக்கில் வாங்கிப் பிறகு கொடுத்தால், ஜிஎஸ்டி கண்ணில் நீங்கள் இ-காமர்ஸ் ஆபரேட்டர் (பிறர் சேவையை ஆன்லைனில் விற்றுத் தருபவர்) ஆகிவிடக்கூடும். அப்படி ஆனால், ஜிஎஸ்டி பதிவில்லாத கேம்ப்பின் தங்கும் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவின்படி வரி உங்கள் தலையில் விழும்.

வரி விகிதத்தைப் புரோகிராமுக்குள் எழுதவே எழுதாதீர்கள். ஒரு நாள் கட்டணம் 1,000 ரூபாய் வரை இருந்த அறைகளுக்கு வரிவிலக்கு 2022 ஜூலை 18-ல் போய் 12 சதவீதம் ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரை 5 சதவீதம். "இந்தத் தேதி முதல் இந்த விகிதம்" என்று தனி டேபிள் வையுங்கள். முதலாளிக்குப் பதிவு இருக்கிறதா என்பதை அவருடைய ஆடிட்டர் சொல்லட்டும்.

படி 5: மழை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னை எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. "வாடிக்கையாளர் ரத்து", "மழை ரத்து" இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். முதலாளி தேதியை மூடினால், அன்றைய எல்லோருக்கும் வேறு தேதியா, பணம் திரும்பவா என்று ஒரே அழுத்தலில் கேள்வி போக வேண்டும். ரத்து விதியை புக்கிங் நேரத்திலேயே அந்தப் பதிவுக்குள் நகலெடுத்து வையுங்கள். பிறகு விதி மாறினாலும் பழைய புக்கிங்குக்குப் பழைய விதிதான்.

எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி (டெலிகாம் நிறுவனங்களின் பதிவுத் தளம்) பதிவும், ஒவ்வொரு வாசகத்துக்கும் முன் அனுமதியும் தேவை. இதைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

படி 6: வாட்ச்மேனுக்கு ஒரு தாள்

தோப்புக்குள் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாது. தினமும் காலை 10 மணிக்கு ஒரு பிடிஎஃப் தானாகப் போகட்டும்: பெயர், எத்தனை பேர், சைவமா அசைவமா, பாக்கி எவ்வளவு, எந்த டென்ட். ஐந்து நெடுவரிசை, பெரிய எழுத்து, தமிழில். ஆதார் நகலைச் சேமிக்காதீர்கள். கடைசி 4 எண் போதும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுத் தளத்தில் பதிய வேண்டும், அதற்கு ஒரு நினைவூட்டல் வையுங்கள்.

படி 7: விற்பது

வெள்ளி முதல் ஞாயிறு வரை முதலாளியைத் தொந்தரவு செய்யாதீர்கள். செவ்வாய், புதன் காலை போங்கள். லேப்டாப் வேண்டாம், அவர் போனிலேயே காட்டுங்கள். அவருடைய நோட்டிலிருந்து அடுத்த 30 நாள் புக்கிங்கை அங்கேயே உட்கார்ந்து ஏற்றிக் கொடுங்கள். அப்படி ஏற்றும்போதே ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்திருப்பது வெளியே வந்துவிட்டால், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

விலையில் ஒரு கண்ணி இருக்கிறது. எல்லா புக்கிங்குக்கும் தலைக்கு இவ்வளவு என்று வாங்கினால், "அண்ணே, சனிக்கிழமை ரெண்டு டென்ட் இருக்கா?" என்று போனில் கேட்பவரை முதலாளி சாஃப்ட்வேரில் ஏற்றமாட்டார். மீதிக் கணக்கு பொய்யாகும், இரட்டை புக்கிங் வரும், பழி உங்கள் மேல். ஆகவே கையால் ஏற்றுவது முழுக்க இலவசம்; ஆன்லைனில் பணம் கட்டி வருவதற்கு மட்டும் கட்டணம். மழை மாதத்தில் வியாபாரம் இல்லாதவரிடம் மாத வாடகை கேட்டால் நவம்பரிலேயே கணக்கை முடித்துக்கொள்வார்.

ஏர்பிஎன்பியிலும் போட்டிருக்கிறார் என்றால், காலண்டர் இணைப்பு உடனுக்குடன் புதுப்பிக்காது, சில மணி நேரம் ஆகலாம். பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு அங்கே மூடச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை தானாக நிரம்பும். வார நாளை நிரப்பிக் காட்டினால்தான் முதலாளி உங்களை விடமாட்டார். வடசென்னையில் அதற்கு ஆள் இருக்கிறது. துறைமுகம், வடசென்னை அனல்மின் நிலையம், மணலி சுத்திகரிப்பு ஆலையில் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு வார விடுமுறை ஞாயிறாக இருக்க வேண்டிய அவசியமில்லை. திங்கள் முதல் வியாழன் வரை தனி விலை, 8 பேருக்கு மேல் ஒரு குழு விலை என்று வைத்து, ராயபுரம் சர்ச் இளைஞர் குழுக்கள், வியாசர்பாடி கால்பந்துக் குழுக்களின் பொறுப்பாளர்களிடம் நேரில் கொடுங்கள். கூகுள் பிசினஸ் பக்கத்தில் புக்கிங் இணைப்போடு கழிப்பறைப் படத்தையும் போடச் சொல்லுங்கள். குடும்பமாக வருகிறவர்கள் ஏரியின் படத்துக்கு முன்னால் அதைத்தான் தேடுவார்கள்.

முதல் மாதம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நோட்டையும் திரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நோட்டில் இருந்து திரையில் இல்லாத ஒவ்வொரு புக்கிங்கும் ஏன் ஏறவில்லை என்று கேளுங்கள். "அட்வான்ஸ் தராம சொல்லி வச்சாங்க" என்பது அடிக்கடி வரும் பதில். அதற்குத்தான் பணமில்லாத "சொல்லி வைத்தது" என்ற நிலையும், 24 மணி நேரத்தில் தானாக விடுபடும் ஏற்பாடும் தேவை. அடுத்த வெர்ஷனில் முதலில் அதைச் சேருங்கள்.