மாயா தேதிகளைக் கணக்கிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த சில மாதங்களாக, பழைய நடு அமெரிக்காவின் மாயா மக்கள் குறித்த தேதிகளைக் கணக்கிடப் பழகும் மூவரின் தாள்களைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். முன்பு என் நோட்டில் இருந்த பிழைகளே வேறு கையெழுத்தில் அவற்றில் வந்து நிற்கின்றன. கூட்டல் பிழையையும் இலக்கம் மாறுவதையும் இங்கே விட்டுவிடுகிறேன். மறுமுறை பார்க்கும்போது அவை அகப்பட்டுவிடும்.

எல்லாப் படியிலும் இருபதால் பெருக்குதல்

ஒரு தொடக்க நாளிலிருந்து கழிந்த நாள்களை எண்ணும் மாயாவின் நீண்ட எண்ணிக்கை படிக்குப் படி இருபது மடங்காகும்; ஒரு படி மட்டும் விலக்கு. 20 கின் (நாள்) ஒரு வினல். ஆனால் 18 வினல்தான் ஒரு துன், அதாவது 360 நாள். அதன்பின் காத்துன் 7,200 நாள், பாக்துன் 1,44,000 நாள். துன்னை 400 என்று வைத்துக்கொண்டால் பல நூற்றாண்டுகள் பிசகிவிடும்.

மாறிலியையும் நாட்காட்டியையும் குறிக்காமல் தேதி எழுதுதல்

என்னை நெடுநாள் அலையவிட்ட தவறு இது. இன்றைய மெக்சிகோவில் உள்ள பலெங்கே நகரை ஆண்ட பாகால் பிறந்த நாளை எடுத்துக்கொள்வோம். அது 9.8.9.13.0 (9 பாக்துன், 8 காத்துன், 9 துன், 13 வினல், 0 கின்), நாள்களாக்கினால் 13,57,100. இதோடு, எண்ணிக்கையின் தொடக்க நாளைக் குறிக்கும் 5,84,283 என்ற மாறிலியைக் கூட்டினால், வானியலாளர் இடைவிடாமல் எண்ணிவரும் ஜூலியன் நாள் எண்ணான 19,41,383 கிடைக்கிறது. அந்த நாளை ஜூலியன் நாட்காட்டியில் எழுதினால் கி.பி. 603 மார்ச் 21. கிரெகோரியன் முறையைப் பின்னோக்கி நீட்டி எழுதினால் மார்ச் 24. சிலர் விரும்பும் 5,84,285 என்ற மாறிலியைக் கூட்டினாலோ இவை முறையே மார்ச் 23, மார்ச் 26 என்றாகின்றன. ஆக, ஒருவர் பிறந்த நாள் ஒன்றுக்கு நான்கு தேதிகள். எதன்படி என்று சொல்லாமல் ஒன்றை மட்டும் எடுத்தாளும் கட்டுரையைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. (ஜூலியன் நாள் எண் என்பது ஜூலியன் நாட்காட்டி அன்று. பெயர் ஒற்றுமையால் மயங்கியவர்களுள் நானும் ஒருவன்.)

மாயா கல்வெட்டுகள் பலவற்றில், தேதியை அடுத்து, பிறை கண்டு எத்தனை நாள் ஆயிற்று என்ற குறிப்பும் இருக்கும். ஏழாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றின் பிறைக் குறிப்பைச் சரிபார்க்க, நூல் ஒன்றில் கண்ட தேதியை அப்படியே வான்காட்சி மென்பொருளில் இட்டேன். திரையில் தெரிந்த நிலவு கல்வெட்டுச் சொல்வதைவிட மூன்று நாள் முதிர்ந்திருந்தது. நிலவு ஒரு நாளில் ஏறத்தாழ 13 பாகை நகரும் என்பதால், மூன்று நாள் என்பது வானில் சுமார் 40 பாகை; பிறை கண்டவர் கண்பிழை என்று சொல்லித் தப்பிக்க முடியாத இடைவெளி அது. கல்லில் வெட்டிய சிற்பிதான் தவறிழைத்தான் என்று முடிவுகட்டி, அதற்குக் காரணமும் கற்பித்து நான்கு பக்கம் எழுதி முடித்தேன். நூலாசிரியர் தந்திருந்தது கிரெகோரியன் தேதி என்பதும், மென்பொருள் 1582க்கு முற்பட்ட நாள்களை ஜூலியன் முறையிலேயே ஏற்கும் என்பதும் பிறகுதான் தெரியவந்தன. அந்த நூற்றாண்டில் இரு நாட்காட்டிகளுக்கும் உள்ள வேறுபாடு சரியாக மூன்று நாள். சிற்பி பிழைக்கவில்லை, நான்கு பக்கமும் குப்பைக்குப் போயின.

எண்ணிக்கையின் தொடக்க நாளில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழமானது. கிரெகோரியன் முறையில் கி.மு. 3114 ஆகஸ்ட் 11 ஆன நாள் ஜூலியன் முறையில் செப்டம்பர் 6. வானியல் முறை கி.மு. 1ஐ சுழியமாக எண்ணுவதால், மென்பொருளில் ஆண்டை -3113 என்றே இட வேண்டும். -3114 என்று இட்ட தாள் ஒன்று சென்ற வாரமும் என்னிடம் வந்தது.

மாறிலிகளுள் நான் 5,84,283ஐக் கையாள்கிறேன். குவாத்தமாலா மலைநாட்டில் கிச்சே மக்களின் நாள்காப்பாளர்கள் இன்றும் எண்ணிவரும் 260 நாள் சுற்றோடு அது ஒத்துப்போகிறது. எதைக் கையாண்டாலும் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

நாள்பெயரைச் சரிபார்க்காமல் விடுதல்

நாள்பெயர் 260 நாள் சுற்றில் (த்சோல்கின்) வருவது, மாத எண் 365 நாள் ஆண்டில் (ஹாப்) வருவது. 260க்கும் 365க்கும் 5 பொதுக் காரணி என்பதால், நாள்பெயரும் மாத எண்ணும் நினைத்தபடியெல்லாம் சேரா. அஹாவ் என்ற நாள் மாதத்தின் 3, 8, 13, 18 ஆகிய இடங்களில் மட்டுமே விழும். பாகால் பிறந்தது 8 அஹாவ் 13 போப் (போப் என்பது மாதப் பெயர்), பொருந்துகிறது. விடையாக 8 அஹாவ் 14 போப் வந்தால் மேற்கொண்டு போகாமல் முதலிலிருந்து தொடங்குங்கள்.

மாதத்தை 1இல் தொடங்குதல்

இருபது நாள் மாதம் 0இல் தொடங்கி 19இல் முடியும்.

சூரியக் கல்லின் படத்தை மாயா நாட்காட்டி என்று போடுதல்

அது அஸ்டெக்குகளுடையது.

2012

அந்த ஆண்டோடு மாயா எண்ணிக்கையும் உலகமும் முடியும் என்றார்கள். 13.0.0.0.0 வந்தது, மறுநாள் 13.0.0.0.1 வந்தது. பலெங்கேக் கல்வெட்டு ஒன்று கி.பி. 4772ஐப் பற்றிப் பேசுகிறது.

வெள்ளிக் கோளின் 584ஐ மட்டும் பிடித்துக்கொள்ளுதல்

திரெஸ்டன் சுவடி என்ற மாயா நூலின் அட்டவணையில் வெள்ளியின் ஒரு சுற்று 584 நாள் என்று இருப்பதைப் பார்த்து மாயரின் துல்லியத்தைப் புகழ்வோரும், உண்மைச் சராசரி 583.92 என்று சொல்லிக் குறை காண்போரும் அட்டவணையை முழுதாகப் படித்தவர்கள் அல்லர். 584 என்பது முழு எண்ணாக இருந்தால்தான் ஐந்து சுற்று 2,920 நாளாகி எட்டு ஹாப் ஆண்டுகளுக்குச் சமமாகும். 65 சுற்று 37,960 நாளாகி, 104 ஹாப் ஆண்டுகளோடும் 146 த்சோல்கின் சுற்றுகளோடும் ஒரே நாளில் முடியும். அதற்குள் கணக்கு ஏறத்தாழ ஐந்து நாள் வானுக்குப் பிந்திவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. திருத்தத்தை அவர்கள் எந்த இடத்தில் செய்தார்கள் என்பதைத்தான் நான் மாணவர்களிடம் கேட்பேன். 61ஆம் சுற்றின் முடிவில் 35,624 நாளிலிருந்து 4 நாளைக் கழித்தால் வரும் 35,620, 260ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே திருத்திய பிறகும் அட்டவணை முன்போலவே 1 அஹாவில் தொடங்குகிறது.