வீட்டுச் செலவைக் க்னூகேஷில் எழுதத் தொடங்குவது எப்படி

க்னூகேஷ் (GnuCash) கணக்கெழுத உதவும் இலவச மென்பொருள்; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கணக்கு முழுவதும் உங்கள் கணினியில் ஒரே கோப்பாக இருக்கும். சில போன் செயலிகளைப் போல எஸ்எம்எஸ்களைப் படிக்க அனுமதி கேட்காது.

ஃபைல் மெனுவில் நியூ ஃபைல் கொடுத்து, நாணயமாக ஐஎன்ஆர் என்பதையும், கணக்கு வகைகளில் காமன் அக்கவுன்ட்ஸ் என்பதையும் தேர்ந்தெடுங்கள். மெடிகேர், சோஷியல் செக்யூரிட்டி போன்ற அமெரிக்கத் தலைப்புகள் வந்திருந்தால் நீக்கிவிடுங்கள். மளிகை, பால்-காய்கறி, வாடகை, மின்சாரம், சிலிண்டர், பள்ளி, மருத்துவம், பெட்ரோல், மொய் என்று பத்துப் பன்னிரண்டு தலைப்புகள் போதும். முப்பது வைத்தால் ஒவ்வொரு பில்லுக்கும் எதில் போடுவது என்று யோசித்தே அலுத்துவிடும். மாதம் 1ஆம் தேதி வங்கியிலும் பர்ஸிலும் இருக்கும் தொகையை ஆரம்ப இருப்பாகப் போடுங்கள்.

கையை விட்டுப் போகிற பணமெல்லாம் செலவு அல்ல. புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கிரெடிட் கார்டில் 3,000 ரூபாய்க்கு மளிகை வாங்கினால், அன்றே கார்டு கணக்கிலிருந்து மளிகைக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் பில் கட்டுவது வங்கியிலிருந்து கார்டுக்குப் போகும் மாற்றம் மட்டுமே. அதையும் செலவில் போட்டால் அதே 3,000 இரண்டு முறை ஏறும். வீட்டுக் கடன் தவணை 10,000 என்றால் ஸ்பிளிட் பட்டனை அழுத்திப் பிரியுங்கள்: வட்டி 7,200 செலவுக்கு, அசல் 2,800 கடன் கணக்குக்கு. சீட்டுத் தவணை சொத்துப் பக்கம் சேரும். சீட்டை முன்னதாக எடுத்திருந்தால் அந்தக் கணக்கு மைனஸில் நிற்கும். பயப்பட வேண்டாம், இனிக் கட்ட வேண்டியதைத்தான் அது ஏறக்குறையக் காட்டுகிறது. ஏடிஎம்மில் எடுத்த பணம் பர்ஸ் கணக்குக்குப் போகட்டும். வாரம் ஒருமுறை பர்ஸை எண்ணி, கணக்கில் வராமல் குறைகிற தொகையைச் சில்லறைச் செலவு என்று எழுதிவிடுங்கள்.

யுபிஐ செலவுகளைக் கையால் அடிக்க வேண்டியதில்லை. வங்கித் தளத்திலிருந்து ஸ்டேட்மென்டை எக்செல்லாக இறக்கி, மேலே இருக்கும் முகவரி வரிகளையும் தொகையில் உள்ள காற்புள்ளிகளையும் நீக்கி, சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாக) சேமித்து, க்னூகேஷில் இம்போர்ட் செய்யுங்கள். தேதி வடிவம் நாள்-மாதம்-ஆண்டு என்று இருக்கிறதா பாருங்கள். மாதம் முதலில் இருந்தால் ஏப்ரல் 5 மே 4 ஆகிவிடும். தலைப்பு கொடுக்காமல் விட்ட வரிகள் இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர் என்ற கணக்கில் குவியும். யுபிஐ விவரத்தில் பெரும்பாலும் கடைக்காரர் பெயர்தான் இருக்கும், என்ன வாங்கினோம் என்பது இருக்காது. அதனால் நினைவிருக்கும்போதே, வாரம் ஒருமுறையாவது, அந்த வரிகளை உரிய தலைப்புக்கு மாற்றி இம்பேலன்ஸ் கணக்கைக் காலி செய்யுங்கள். இம்போர்ட் செய்யும்போது ஒருமுறை காட்டிய தலைப்பை அடுத்த முறை மென்பொருளே பரிந்துரைக்கும்.

மாத முடிவில் ரீகன்சைல், அதாவது உங்கள் கணக்கை வங்கி ஸ்டேட்மென்டோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, கட்டாயம். ஸ்டேட்மென்டின் கடைசித் தேதியையும் இருப்பையும் கொடுத்து, ஒவ்வொரு வரியாக டிக் செய்து வந்தால் வித்தியாசம் 0 ஆக வேண்டும். ஆகவில்லையென்றால், அந்தத் தொகை 9ஆல் வகுபடுகிறதா பாருங்கள்: 450ஐ 540 என்று எழுதியது போல இலக்கம் இடம் மாறியிருக்கலாம். அதன் பாதித் தொகைக்கு ஒரு பதிவு இருந்தால், அது பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கக்கூடும். இரண்டும் இல்லையென்றால் விட்டுப்போன வங்கிக் கட்டணத்தைத் தேடுங்கள். வித்தியாசத்தை அட்ஜஸ்ட்மென்ட் என்று எழுதி மூடிவிடாதீர்கள். விட்ட பிழை அடுத்த மாத ரீகன்சைலில் இன்னும் குழப்பும்.