மீன் காலுக்குக் கீழே இருக்கிறது: மண்டபம் பக்கம் விடியற்காலைத் தூண்டில், முதன்முறை போடுபவர்களுக்கு

இராமநாதபுரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, தூண்டிலும் கையுமாக மண்டபத்தில் இறங்குகிற பையன்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். பாதிப் பேர் வெளிநாட்டு ஏரிகளில் டிரௌட்டும் சால்மனும் பிடிக்கிற வீடியோக்களைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர்கள். அவை குளிர்ந்த தண்ணீர் மீன்கள். டிரௌட் வேண்டுமென்றால் நீலகிரி ஏற வேண்டும். சால்மன் நம் கடலில் கிடையாது. சந்தையில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்கிறார்களே, அது நம்ம காலா மீன். பெயரைத் தவிர வேறு உறவு இல்லை. ஆனால் விடியுமுன் ஜெட்டிப் பாலத்தில் உட்கார்ந்து தங்கூசி (நைலான் நரம்பு) விடுகிற சுகத்துக்கு நம் கரையில் குறைச்சல் ஒன்றுமில்லை.

முதலில் காற்றைப் பாருங்கள்

நமக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல் என்றால் போதும். வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகடல் கலங்கிக் கிடக்கும். தென்கடல் குளம் மாதிரி இருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) கிளம்பினால் அப்படியே தலைகீழ். எந்தப் பக்கம் தண்ணீர் அமர்ந்திருக்கிறதோ அங்கே போங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் பலமாக இருக்கும், தூண்டிலில் கட்டிய ஈயம் கடலடித் தரையில் நிற்காது. பழகுகிறவர்களுக்கு அஷ்டமியை ஒட்டிய நாட்கள் நல்லது.

இடத்தைப் பொறுத்தவரை, படகு கட்டுகிற பாலமாக இருந்தால் அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் வரிசையாக நிற்கும், தூண்டில் போட இடுக்கு கிடைக்காது. பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூண்டில் விடுகிற வேலை மட்டும் வேண்டாம். தீவுகளுக்கும் போக வேண்டாம். வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. ஆதார் அட்டை சட்டைப் பையில் இருக்கட்டும், இது எல்லைக் கடல்.

சாமான்

ராடு, ரீல் எல்லாம் பிறகு. 0.40 மில்லிமீட்டர் தங்கூசி 50 மீட்டர், எட்டு அல்லது பத்தாம் நம்பர் தூண்டில் முள் ஒரு டஜன் (நம்பர் கூடினால் முள் சின்னது, இதில்தான் எல்லாரும் ஏமாறுவார்கள்), நடுவில் ஓட்டையுள்ள ஈயக்குண்டு பதினைந்து கிராம் அளவில் நாலைந்து. சுற்றி வைக்க ஒரு காலி தண்ணீர் பாட்டில். கூடவே குறடு, பழைய துண்டு, தலையில் மாட்டுகிற லைட்.

கட்டுவது இப்படி. தங்கூசியை ஈய ஓட்டையில் கோத்துவிடுங்கள். நுனியிலிருந்து ஒரு முழம் மேலே ஈர்க்குச்சித் துண்டு ஒன்றை வைத்து இறுக்கி முடியுங்கள். ஈயம் அதற்குக் கீழே இறங்காது. மேல்பக்கம் தாராளமாக ஓடும். அதனால் மீன் இழுக்கும்போது ஈயத்தின் கனம் அதற்குத் தெரியாது. நுனியை முள்ளின் கண்ணில் நுழைத்து, மேல்நரம்பின் மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, கண்ணை ஒட்டி விழுந்த சின்ன வளையத்துக்குள் திருப்பி விடுங்கள். எச்சிலால் நனைத்து மெதுவாக இழுங்கள். காய்ந்தபடி இழுத்தால் சூட்டில் நரம்பு நைந்து, நல்ல மீன் வரும் அன்றைக்குப் பார்த்து அறுந்துபோகும்.

இரைக்குப் பச்சை இறாலே போதும். தோலுரித்து, பட்டாணி அளவு நறுக்கி, முள்முனை துளி வெளியே தெரியக் கோத்துவிடுங்கள். சின்ன மீன்கள் பிய்த்துப் பிய்த்துத் தின்றால் கணவாய்த் துண்டுக்கு மாறுங்கள், அது லேசில் கழலாது. ஓரா மீன் பாசி தின்னி. மைதா உருண்டைக்கு நன்றாகவே வரும்.

எங்கே போடுவது

எனக்கு இதைக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது. வந்த புதிதில் ஈயத்தைத் தலைக்கு மேல் சுழற்றி, முடிந்த மட்டும் தூரமாக வீசுவேன். வெறுங்கையோடு திரும்புவேன். பக்கத்தில் இரண்டு பாகம் (இரு கையும் விரித்த நீளம் ஒரு பாகம்) நரம்பை மட்டும் விட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் பை நிறைத்துக்கொண்டு போவார். ஒருநாள் அவரே சொன்னார்: “தம்பி, அம்புட்டுத் தூரம் எறியிறியே, அங்க என்ன இருக்கு? வெறும் மணலு. மீனு ஒன் காலுக்குக் கீழ கெடக்கு.”

அதுதான் விஷயம். பாலத்துத் தூண்களில் பாசியும் சிப்பியும், ஓடுள்ள சின்ன உயிரான கொட்டலசும் அப்பியிருக்கும். அதைக் கொறிக்க ஓரா வரும். கல் இடுக்கில் கலவா பதுங்கும். கிழங்கான் மட்டும் பக்கத்து மணல் தரையில் மேயும். ஆகவே எறியாதீர்கள், இறக்குங்கள். தூணிலிருந்து ஒரு கை தூரத்தில் ஈயம் தரையைத் தொடும்வரை விட்டு, ஒரு சாண் தூக்கிப் பிடியுங்கள். ஐந்து மணிக்கு உட்கார்ந்துவிட வேண்டும். கிழக்கு வெளுத்ததில் இருந்து வெயில் தண்ணீரில் இறங்கும்வரை உள்ள ஒரு மணி நேரம்தான் நல்ல நேரம்.

நரம்பை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொள்ளுங்கள். கிழங்கான் ‘டக் டக்’ என்று இரண்டு கொத்து கொத்திவிட்டு இழுக்கும். கொத்துக்கு அசையாமல் இழுப்புக்கு மணிக்கட்டை மட்டும் சுண்டினால் போதும். கலவாவுக்கு இந்தப் பொறுமை ஆகாது. கடித்த நொடியில் பொந்துக்குள் போய்விடும். கனம் தெரிந்ததும் தூக்கிவிட வேண்டும்.

கழற்றும்போது கவனம்

முதல் ஓராவை ஆசையாக உள்ளங்கையில் பிடித்தேன். முதுகில் 13 முள், அடியில் 7, வயிற்றுத் துடுப்பிலும் உண்டு, எல்லாமே விஷமுள். தோள்பட்டை வரை கடுத்தது. டீக்கடையில் வெந்நீர் வாங்கி, பொறுக்கிற சூட்டில் கையை முக்கால் மணி நேரம் வைத்திருந்த பிறகே அடங்கியது. அந்த விஷம் சூட்டுக்கு முறியும், மருந்தும் அதுதான். வலி தணியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக மூன்று முள். துண்டைப் போட்டு அமுக்கிக் குறடால் கழற்றுங்கள். திருக்கை மாட்டினால் நரம்பையே அறுத்து விடலாம், ஒரு முள்ளின் விலை என்ன பெரிய விலை.

பந்து மாதிரி ஊதுகிற பேத்தையைத் தண்ணீரிலேயே விடுங்கள். அதன் விஷம் எவ்வளவு கொதித்தாலும் போகாது. கரையோரம் கடல் அட்டை, கடற்குதிரை கண்ணில் பட்டால் தொட வேண்டாம். 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை அவை.

ஓராவை வீடுவரை அப்படியே கொண்டுபோகாதீர்கள். குடலில் கிடக்கும் பாசி வாடை சதையில் ஏறிவிடும். பிடித்த சூட்டோடு, முள்ளைக் குறடால் நறுக்கிவிட்டு, வயிற்றைக் கீறிக் கடல் தண்ணீரில் அலசி ஐஸில் போடுங்கள். கிழங்கானுக்கு அந்த அவசரம் இல்லை. மஞ்சளும் மிளகாயும் தடவிப் பொரிக்க வீட்டில் ஆள் இருந்தால் போதும்.